அடிமேல் அடி வைத்து

ஆலயத்தை வலம் வருவதற்குப் பெரியோர் ஓர் இலக்கணம் வகுத்திருக்கின்றனர். எண்ணெய் நிறைந்த குடத்தைச் சுமந்து செல்லும் நிறைமாதக் கர்ப்பிணியைப் போல, அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும் என்பர்.

வங்கிப் பணிக்காலத்தில் அந்நடை எனக்கு வாய்க்கவில்லை. பெட்டகத்தின் இரட்டைச் சாவிகளுள் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. நேரத்துக்குக் கிளையில் நின்றாக வேண்டும். மயிலைக் கபாலீசுவரர் ஆலயத்தில் மூன்று சுற்றும் விரைவில் முடிந்துவிடும்.

சென்ற ஆண்டு என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது என் கையைப் பற்றியபடியே நடக்கிறாள். ஒரு சுற்றுக்கே கால் மணி நேரம் ஆகிறது. அதற்குள் எத்தனை இன்பங்கள்! மேற்கே திருக்குளத்தைத் தொட்டு வரும் காற்று. வெயில் ஏறாத கருங்கல்லின் தண்மை. அன்னை மயிலுருவில் பூசித்த புன்னையின் நிழல். மடைப்பள்ளியிலிருந்து எழும் நெய்மணம். இவற்றுக்குக் கட்டணச் சீட்டு இல்லை.

இல்லத்திலும் இப்போது அதே நடைதான். காபியின் முதல் மணத்தையும், தொலைபேசியில் பேத்தி சொல்லும் நீண்ட கதையையும் நிதானமாகவே அனுபவிக்கிறோம்.

இன்னும் எத்தனை சுற்றுகள் இருவரும் சேர்ந்து வருவோமோ? கணக்குப் பார்ப்பதே தொழிலாய் இருந்தவன், இந்த ஒரு கணக்கை மட்டும் ஈசனிடம் ஒப்படைத்துவிட்டேன்.

மூட்டுவலியால் மெல்ல நடக்கும் அன்பர்கள் மனம் தளர வேண்டா. பெரியோர் வகுத்த நடை நமக்கு இப்போதுதான் கைகூடியிருக்கிறது.