சட்டமும் தேடுசொல்லும்

சட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன், அது வழக்குரைஞர்க்கு உரிய துறை என்று நம் ஆசிரியர்களிற் பலர் ஒதுங்கிக்கொள்வர். தமிழ்ப்பள்ளியைப் பற்றி மேடைதோறும் முழங்குவோம். அப்பள்ளி எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் நிற்கிறது என்று எவரேனும் வினவினால் வாய் திறவோம். முன்னாளில் அதற்கு ஒரு காரணம் சொல்ல முடிந்தது. சட்ட ஏடுகள் பெருநூலகங்களிலும் வழக்குரைஞர் அலுவலகங்களிலும் கனத்த அட்டைகளுக்குள் அடங்கிக் கிடந்தன. இன்றோ மலேசியச் சட்டங்களைத் தலைமைச் சட்டத்துறையின் இணையத்தளத்திலும், தீர்ப்புகளை நீதித்துறையின் தளத்திலும் காசின்றிப் படிக்கலாம். 1932-இல் தொடங்கிய மலாயன் லா ஜர்னல் போன்ற தீர்ப்புத் தொகுப்புகளுக்கு மட்டும் கட்டணம் உண்டு. ஏடுகள் வீட்டுக்கே வந்துவிட்டன. அவற்றுள் தேடும் பயிற்சிதான் நம்மிடம் இல்லை.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பயிற்சியின் தேவை எனக்கு நன்கு விளங்கிற்று. தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்திற்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க இருந்த நேரம். லாரி ஓட்டும் தந்தை ஒருவர் என் அறைக்கு வந்து, “ஐயா, பிள்ளைய இங்க முதலாம் ஆண்டுல சேர்க்கலாமா? இல்ல, பள்ளியையே மூடிருவாங்களா?” என்று கேட்டார். ஆறுதல் மொழி கூறி அனுப்பிவிடுவது எளிது. ஆயினும், உள்ளதை உள்ளபடி காட்டுவதே ஆசிரியர்க்கு அழகு என்று கருதி, இளம் ஆசிரியை ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கணினியின் முன் அமர்ந்தேன்.

அவர் முதலில் தட்டியது ‘வெர்னாகுலர் ஸ்கூல்’ என்ற தொடரை. நாளேடுகள் நாள்தோறும் எழுதும் பெயர் அதுதானே! ஆனால், தேடிய சட்டம் அகப்படவில்லை. “சட்டம் நமக்கு இட்ட பெயர் வேறு அம்மா, வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பாருங்கள்” என்றேன். ‘செக்கோலா ஜெனிஸ் கெபங்சான்’, தேசிய வகைப் பள்ளி. அப்பெயரை இட்டதும் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கதவு திறந்தது. 2-ஆம் பிரிவு தேசிய வகைப் பள்ளி இன்னதென வரையறுக்கிறது. 17-ஆம் பிரிவு தேசிய மொழியே முதன்மைப் பயிற்று மொழி என்று விதித்து, தேசிய வகைப் பள்ளிகளுக்கு விலக்கு அளிக்கிறது. 28-ஆம் பிரிவு அப்பள்ளிகளை நிறுவ அமைச்சர்க்கு அதிகாரம் தருகிறது. வழக்குத் தொடுத்தோர் குறிவைத்தவையும் இம்மூன்று பிரிவுகளே.

இதற்காக ‘வெர்னாகுலர்’ என்ற சொல்லை எறிந்துவிடலாகாது. சட்டத்தைத் தேடுங்கால் பயன்படாத அச்சொல் தீர்ப்புகளைத் தேடுங்கால் பயன்படும். ஆகவே, கணினியைத் தொடுமுன் ஒரு பொருளுக்குரிய பெயர்களையெல்லாம் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நிகண்டு பயின்ற மரபினர்க்கு இது புதிதன்று! பிளேர், மாரன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைக்கத்தக்கது. ஏறத்தாழ 40,000 ஆவணங்கள் கொண்ட ஒரு வழக்கில், தமக்கு வேண்டியவற்றுள் நூற்றுக்கு 75 பங்கேனும் கிடைத்துவிட்டதாக வழக்குரைஞர்கள் நம்பினர். உண்மையில் கிடைத்தது 20 பங்கு அளவே. விபத்தை எல்லாரும் விபத்து என்றே எழுதியிருப்பர் என அவர்கள் எண்ணினர். எழுதியவர்களோ ‘நிகழ்வு’, ‘நிலைமை’, ‘சிக்கல்’ எனத் தத்தமக்குத் தோன்றியவாறு எழுதியிருந்தனர். தேடியவர்க்குத் தாம் தவறவிட்டது இவ்வளவு என்று தெரியவே இல்லை. கணினி அதனைச் சொல்லாதன்றோ!

ஆண்டைப் பார்த்தலும் இன்றியமையாதது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 21(2) பிரிவு, தேசிய வகைத் தொடக்கப்பள்ளியைத் தேசியப் பள்ளியாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சர்க்கு அளித்திருந்தது. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்பிரிவு இல்லை. பழஞ்சட்டத்தைப் பற்றிய எழுத்தைக் கண்டு இன்றும் அஞ்சுவோர் உளர்.

இனித் தமிழாசிரியர் சுவைக்கத்தக்க செய்திக்கு வருகிறேன். அரசமைப்புச் சட்டத்தின் 152-ஆம் விதி மலாயைத் தேசிய மொழியாக்கிவிட்டு, அதிகார நோக்கங்களுக்கன்றிப் பிறமொழியைப் பயன்படுத்துவதையோ, பிறமொழியைக் கற்பிப்பதையோ கற்பதையோ எவரும் தடுக்கலாகாது என்கிறது. மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் உயர் நீதிமன்றம் 1981-இலும் கூட்டரசு நீதிமன்றம் 1982-இலும் இவ்வாசகத்தை ஆராய்ந்தன. ‘கற்பித்தல்’ என்பதன் பின் ‘இன்’ என்னும் ஆங்கில இடைச்சொல் இல்லாமை பெரும்பொருள் பெற்றது. ஒரு மொழியைக் கற்பிக்கும் உரிமை வேறு, ஒரு மொழியில் கற்பிக்கும் உரிமை வேறு என்பது அதன் கருத்து. நம் இலக்கணத்தில் சொன்னால், தமிழைக் கற்பித்தல் இரண்டாம் வேற்றுமை. தமிழில் கற்பித்தல் ஏழாம் வேற்றுமை. ‘ஐ’ என்னும் உருபுக்கும் ‘இல்’ என்னும் உருபுக்கும் இடையே ஒரு பல்கலைக்கழகத்தின் கனவு நின்றது!

தேடற்பொறிகள் பலவும் இத்தகைய சிறுசொற்களைப் பொருளற்றவை எனத் தள்ளிவிடுகின்றன. தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் சில தளங்கள் அவற்றை மதிக்கும்; சில அப்போதும் மதிப்பதில்லை. ஆதலால் கிடைத்த தீர்ப்பைக் கண்ணால் வரிவரியாகப் படித்தே தீரவேண்டும். மலாய்மொழித் தீர்ப்புகளில் வேறொரு தொல்லை. சொல்லின் ஈற்றில் உடுக்குறி இட்டால் அச்சொல்லின் பிற வடிவங்களும் வரும் என்பர். ஆங்கிலத்தில் அது நன்கு பயன்படும். மலாயிலோ ‘அஜார்’ என்னும் பகுதி ‘மெங்அஜார்’ என்றும் ‘பெங்அஜாரான்’ என்றும் முன்னொட்டுப் பெற்றுத் தலையே மாறிவிடுகிறது. ஈற்றுக்குறி அங்கே என் செய்யும்? ஒவ்வொரு வடிவத்தையும் தனியே இட வேண்டும். ‘பஹாசா பெங்ஆந்தார்’ என்னும் பயிற்று மொழிக்குரிய தொடரையும் சேர்க்க வேண்டும்.

1982-ஆம் ஆண்டுத் தீர்ப்போடு நின்றுவிடுபவர், தமிழ்ப்பள்ளிக்கு இடமே இல்லை என்று நடுங்குவார். எங்கள் ஆசிரியையும் சற்று நேரம் வாடிய முகத்தோடு இருந்தார். ஆனால், அவ்வழக்கிற் பல்கலைக்கழகம் ஒரு பொது அதிகார அமைப்பாகக் கருதப்பட்டது. அதனாலேயே அங்கு மொழிப் பயன்பாடு அதிகார நோக்கமாயிற்று. பள்ளியும் அத்தகையதா என்பது தனிவினா. தீர்ப்பொன்றைக் கண்டால் அதனைப் பிற்காலத் தீர்ப்புகள் எவை எடுத்தாண்டன என்று தொடர்ந்து செல்ல வேண்டுவது இதனாற்றான். கட்டணத் தளங்கள் அப்பட்டியலைத் தாமே தரும்; இலவசத் தளங்களில் வழக்கின் பெயரையே தேடுசொல்லாக்கிக்கொள்ளலாம். 2021 டிசம்பர் 29-இல் வந்த தீர்ப்பு வெளியானதும் அதனைத் தேடிப் படித்தோம். தேசிய வகைப் பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல. அங்குத் தமிழும் சீனமும் பயிற்று மொழியாவது அரசமைப்புக்கு முரணன்று என்று அது கூறிற்று. 2022 மே மாதம் கோத்தா பாரு உயர் நீதிமன்றமும் இத்தகைய வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்புகளை நிலைநிறுத்திற்று.

இப்பொழுது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் விடை வந்துவிடும் என்கிறார்கள் மாணவர்கள். வரும், சிலபோது இல்லாத வழக்கும் வரும். அவ்வாறு வந்த பொய் வழக்குகளை 2023-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் எடுத்துரைத்த வழக்குரைஞர்க்கு 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. அது தரும் வழக்கின் பெயரை மூல ஏட்டில் கண்டபின் நம்பலாம், அதற்குமுன் கூடாது.

அந்த லாரி ஓட்டுநர் மறுவாரம் வந்தபோது, 28-ஆம் பிரிவையும் தீர்ப்பின் முடிவுப் பகுதியையும் படியெடுத்துத் தந்து பொருள் விளக்கினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சேர்க்கைப் படிவத்தைக் கேட்டார். ஆசிரியை தாம் தேடிய சொற்களையும், தேடிய நாளையும், தளத்தின் பெயரையும், பயன்படாத சொற்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அலுவலக அலமாரியில் அது இருக்கிறது. சென்ற மாதமும் இரண்டு பக்கம் கூடியிருந்தது.