பார்வை பலவிதம்

ஒரகடத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் பணிபுரியும் என் சித்தப்பா, அம்மொழியைப் பயின்று வருகிறார். சென்ற கோடை விடுமுறையில் பம்மலில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்தவர், பார்த்தலைக் குறிக்கும் சில சொற்களைக் கூறினார். ‘மிரு’ என்றால் பார்த்தல். ‘நொஸொகு’ என்றால் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தல். ‘மிமமொரு’ என்றால் கண்ணை எடுக்காமல் பார்த்துக் காத்தல்.

நான் விட்டுக்கொடுப்பேனா? காண், நோக்கு, முறை, உற்றுப் பார், எட்டிப் பார் என்று அடுக்கினேன்.

“இவற்றில் நீ எதைச் செய்கிறாய்?” என்று சிரித்தார் சித்தப்பா. எனக்குச் சுருக்கென்றது.

அன்று காலையில்தான் எதிர்வீட்டு ஜன்னலை எட்டிப் பார்த்திருந்தேன். அங்கே தனியாக வசிக்கும் பாட்டி, தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் தரையில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். நானோ ஓசைப்படாமல் ஓடிவந்து, அதைத் தோழியிடம் கதையாகச் சொல்லிவிட்டேன்.

திருக்குறளின் 58ஆம் அதிகாரம் ‘கண்ணோட்டம்’. பிறரைக் கண்டு இரங்கும் பண்புக்கு வள்ளுவர் வைத்த பெயர் அது. அதன் பத்துக் குறள்களையும் ஒப்பித்துப் பரிசு பெற்றவள் நான்!

மறுநாள் பாட்டியின் கதவைத் தட்டினேன்.

“பாட்டி, குடத்தை நான் எடுத்து வைக்கட்டுமா?”

“நேத்து ஜன்னல்ல தெரிஞ்ச தலை உன்னுதுதானே?”

தலைகுனிந்து நின்றேன். பாட்டி கதவை அகலத் திறந்தார்.

“இனிமே வாசல் வழியா வாடி, கண்ணு.”

அன்புத் தோழியரே, இப்பொழுதும் அந்த வீட்டைத் தினமும் பார்க்கிறேன். ஆனால், ஜன்னல் வழியாக அல்ல.

— பத்தாம் வகுப்பு மாணவி