தலைகீழாய் நிற்கும் வடிகட்டி

கடை மாணாக்கருக்கு உவமை கூறும் நன்னூலார், இல்லிக்குடத்தையும் நெய்யரியையும் அவ்வரிசையில் வைத்திருக்கிறார். ஓட்டைக் குடம் ஊற்றியதையெல்லாம் ஒழுகவிட்டுவிடும். நெய்யரியோ நல்ல நெய்யைக் கைவிட்டுக் கசண்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். வகுப்பறையில் இப்பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி வருகிறோம். நெய்யரிக்காகப் பரிந்து ஒரு சொல் பேச வேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக நமக்கு உண்டு. மோட்டார் எஞ்சினுக்குள் அத்தகைய நெய்யரி ஒன்று இருக்கிறது. ஆயில் ஃபில்டர் என்பது அதன் பெயர். மாணவனிடத்தில் இழிவாய்ப் போன குணம் அங்கே கடமையாகிவிடுகிறது. ஆயின், அந்த நெய்யரியே இல்லிக்குடமாகவும் இருந்துவிட்டால் என்ன ஆகும்? அதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

மதரஸாவில் ஓதி வந்தவருக்கு மோட்டாரோடு என்ன உறவு என்று அன்பர்கள் வினவக்கூடும். நம் சாச்சா ஊரில் ஒரு பட்டறை வைத்திருந்தார். விடுமுறை நாள்களில் ஸர்ஃபையும் நஹ்வையும் மடித்து வைத்துவிட்டு அங்கே ஸ்பானர் எடுத்துக் கொடுப்போம். வந்து நிற்பவற்றுள் பெரும்பாலானவை அம்பாஸடர் வாடகைக் கார்கள். அந்த அம்பாஸடரில் நெடுங்காலம் ஓடியது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. எஞ்சின். அதே வரிசையில் பிறந்த அண்ணன் ஒன்று உண்டு. 1798 சி.சி. கொண்ட அந்த எஞ்சின்தான், இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்ட 'எம்.ஜி.பி.' என்னும் இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தப்பட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. எனவே 2023ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், இங்கிலாந்தில் வாழும் நம் தங்கை மகன் தன் எம்.ஜி.பி. காரின் முகப்பைத் திறந்து காட்டியபோது, அதனுள் இருந்தது நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

அது 1972ஆம் ஆண்டுக் கார். அடுத்த வீட்டு முதியவர் ஒருவர் அதை முப்பதாண்டுகளுக்கு மேல் பேணி வந்தார். மருமகன் அவரிடம்தான் கார்புரேட்டர் சீர்செய்யவும், வால்வு இடைவெளி பார்க்கவும் கற்றுக்கொண்டான். அவர் காலமானபின் அவருடைய மனைவி, காரை உடைத்து உதிரிகளாக விற்றுவிடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அதைக் குறைந்த விலைக்கு மருமகனுக்கே கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்து வாங்கிய பொருள் அது.

நாம் சென்ற வேளையில் அந்த வாக்குக்கு ஆபத்து வந்திருந்தது. இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் கிளப்பினால் எஞ்சினின் அடிப்பாகத்திலிருந்து 'கடகட' என்று ஓர் ஓசை எழும். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஏழெட்டு நொடிகள் அசையாமல் கிடக்கும். பின்னர் முள் எழும், ஓசையும் அடங்கும். அங்குள்ள பட்டறை ஒன்றில் காட்டியதில், பேரிங்குகள் தேய்ந்துவிட்டன, எஞ்சினை இறக்கிப் பிரித்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்கள் கேட்ட தொகை, வீடு வாங்க முன்பணமாகச் சேர்த்து வைத்த பணத்தில் கணிசமான பங்கு. "விற்றுவிடலாம் என்கிறேன், மாமா. நீங்களாவது சொல்லுங்கள்" என்றாள் மருமகள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. பிள்ளைகள் இருவர் வளரும் வீட்டில் இரு இருக்கைக் கார் ஓர் ஆடம்பரந்தானே!

நாம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "நன்றாகச் சூடேறி ஓடும்போது முள் எங்கே நிற்கிறது, தம்பி?"

"அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை, மாமா."

இவ்வெஞ்சினுக்கு, ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 பவுண்டு வரை அழுத்தம் இருந்தால் நலம். பேரிங் தேய்ந்திருந்தால் அதன் அடையாளம் சூட்டில்தான் வெளிப்படும். எண்ணெய் சூடேறி இளகியதும், அகன்றுபோன இடைவெளி வழியே அது ஓடிவிட, முள் தாழ்ந்து விழும். இங்கோ சூட்டில் குறையில்லை. ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் கிளப்பினாலும் முள் உடனே எழுகிறது. இரவு முழுதும் நின்றால் மட்டுமே தாமதம். அப்படியானால் நோய் பேரிங்கில் இல்லை. எஞ்சின் உறங்கும் நேரத்தில் எண்ணெய் எங்கோ வடிந்து போகிறது.

எண்ணெயின் பாதையைச் சிறிது கூற வேண்டும். எஞ்சினின் அடிச்சட்டியில் நான்கு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட எண்ணெய் கிடக்கிறது. பம்ப் அதை உறிஞ்சி, முதலில் ஃபில்டருக்கு அனுப்புகிறது. அங்கே வடிந்த பின்னரே அது கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். அந்த இரும்புத் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையேயுள்ள வெளி, ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அவ்வெளியை நிரப்பி நிற்கும் எண்ணெய்ப் படலத்தின்மேல் தண்டு மிதந்து சுழல்கிறது. படலம் இல்லாத அந்தச் சில நொடிகளில் உலோகத்தின்மேல் உலோகம் உரசும். 'கடகட' என்று கேட்டது அதுவே. நாள்தோறும் இது நடந்தால், பட்டறைக்காரர் சொன்ன பொய் சில ஆண்டுகளில் மெய்யாகிவிடும்.

இனி ஃபில்டருக்கு வருவோம். இக்காரின் வரலாற்றில் அது மூன்று கோலம் கொண்டது. தொடக்கக் காலக் கார்களில் அது ஒரு கிண்ணமாகக் கீழ்நோக்கித் தொங்கும். கிண்ணத்தைக் கழற்றி உள்ளிருக்கும் எலிமென்டை மட்டும் மாற்ற வேண்டும். சாச்சா பட்டறையில் நாம் பழகியது அத்தகையதே. கிண்ணத்தின் வாய் பொருந்தும் பள்ளத்தில் கிடக்கும் பழைய ரப்பர் வளையத்தை ஊசியால் நெம்பி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும். பழையதன்மேல் புதியதை வைத்தால் எண்ணெய் பீறிடும். பின்னர் அக்கிண்ணத்தையே தலைகீழாக நிறுத்தினார்கள். அதற்கும் பின்னால், கூடும் வடிதாளும் ஒன்றாய் அடைத்த தகர டப்பா வந்தது. திருகிக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைத் திருகலாம். அதுவும் தலைகீழாகவே நிற்கும். 1972ஆம் ஆண்டுக் காரில் இருப்பது இந்த மூன்றாவது கோலம். கை எட்டுவதற்கு வசதிதான். ஆயினும் பொறியாளர்கள் வசதிக்கு விலையாக எதைக் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொங்கும் கிண்ணத்தில் எண்ணெய் தானாகவே தங்கும். கவிழ்த்த டப்பாவில் எண்ணெய் தங்க வேண்டுமானால் வாயில் ஒரு காவலன் வேண்டும்.

அக்காவலன் ஒரு ரப்பர் வட்டு. டப்பாவின் அடித்தட்டில் ஓரமாய்ச் சுற்றிலும் உள்ள சிறு துளைகள் வழியே எண்ணெய் உள்ளே நுழையும். அத்துளைகளை உட்புறத்திலிருந்து மூடியபடி வட்டு கிடக்கும். பம்பின் அழுத்தம் வந்தால் மடங்கி வழிவிடும். அழுத்தம் நின்றால் படிந்து மூடிக்கொள்ளும். திரும்பு வால்வு என்று அதைச் சொல்லலாம். இவ்வளவு எளிய உறுப்பை நம்பித்தான் இவ்வெஞ்சினின் ஒவ்வொரு விடியலும் இருக்கிறது.

இரண்டு நாள் கார் அசையாமல் நின்றபின் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்போம் என்றோம். கவிழ்ந்து நிற்கும் டப்பா என்பதால், காவலன் தன் வேலையைச் செய்திருந்தால் கழற்றும்போது எண்ணெய் கொட்ட வேண்டும். கந்தல் துணிகளை அடியில் நிறைய விரித்திருந்தோம். டப்பா கையோடு வந்தது. துணியில் விழுந்தவை சில சொட்டுகளே. உள்ளே ஏறத்தாழ வெற்றிடம். நெய்யரி இல்லிக்குடமாகிக் கிடந்தது.

அதை வெட்டியும் பார்த்தோம். இதற்கு ஹேக்ஸா ஆகாது. அதன் இரும்புத்தூள் உள்ளே விழுந்து, எஞ்சின் தேய்ந்த தூளோ என்று மயக்கும். இதற்கென்றே விற்கும் வெட்டுக்கருவி ஒன்றால் விளிம்பைச் சுற்றி அறுத்துத் தட்டைப் பிரித்தோம். கறுப்பு ரப்பர் வட்டு உலர்ந்த எலுமிச்சைத் தோலைப்போல் விறைத்து, ஓரம் நெளிந்து, துளைகளை விட்டு எழும்பி நின்றது. வடிதாளை விரித்து வெயிலில் பிடித்தோம். பேரிங் தேய்ந்திருந்தால் தாளின் மடிப்புகளில் மினுக்கும் துகள்கள் தென்படும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு; ஒட்டாமல் மின்னினால் பேரிங் உலோகம். இத்தாளில் கரியும் பிசுக்கும் அன்றி வேறில்லை. மருமகன் பெருமூச்சு விட்டதை நாம் கேட்டோம்.

இனி எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் அளவு. இக்காரின் ஃபில்டர் ஏறும் மரைத்தண்டு முக்கால் அங்குலக் குறுக்களவு உடையது. அங்குலத்துக்கு 16 மரைகள். மில்லிமீட்டரில் சொன்னால் 19.05. சந்தையிலோ 20 மில்லிமீட்டர் மரை கொண்ட ஃபில்டர்களும் ஏராளம். மரை நெருக்கம் ஏறக்குறைய ஒத்திருப்பதால் அவையும் இத்தண்டில் ஏறிவிடும், இறுகியதுபோலவும் தோன்றும். ஆயின் பிடிப்பு மேலோட்டமானது. அழுத்தம் ஏறியதும் டப்பா பிய்த்துக்கொண்டு போகலாம். எண்ணெய் முழுதும் ஒரு நிமிடத்தில் சாலையில் கிடக்கும். கையால் திருகும்போதே தளர்ந்து ஆடுவது ஒன்றே எச்சரிக்கை. ஏறுகிறது என்பதால் பொருந்துகிறது என்று கொள்ளலாகாது.

அடுத்து, திரும்பு வால்வு. இது எத்தகைய ரப்பரால் ஆனது என்பதை நுழைவுத் துளைகள் வழியே எட்டிப் பார்த்தே பெரும்பாலும் அறியலாம். வழக்கமாகக் கறுப்பாய் இருப்பது நைட்ரைல் ரப்பர். புதிதில் நன்றாய் வேலை செய்யும். சூட்டில் நாளாக ஆக விறைக்கும். செம்மஞ்சளாகவோ சிவப்பாகவோ பெரும்பாலும் காணப்படுவது சிலிக்கோன். சூட்டிலும் குளிரிலும் நெகிழ்ச்சி மாறாதது. தொங்கும் ஃபில்டருக்கு இவ்வேற்றுமை பெரிதன்று. தலைகீழாய் நிற்பதற்கோ இதுவே முதன்மை. சிலிக்கோன் வட்டு உள்ளதையே வாங்குக என்று மருமகனிடம் சொன்னோம்.

வடிதாளின் நுண்மையைப் பற்றித்தான் எல்லாரும் அதிகம் பேசுகிறார்கள். நமக்கென்னவோ அப்பேச்சில் பாதி வீண் என்றே தோன்றுகிறது. பெட்டியில் '20 மைக்ரான்' என்று அச்சிட்டிருக்கும். மனிதரின் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்தால் அது பெரிய நுண்மையாகவே படும். ஆயின், அந்த அளவுத் துகள்கள் நூறில் எத்தனையை அது பிடிக்கும் என்று கேட்க வேண்டும். ஐம்பதைப் பிடிப்பதும் 20 மைக்ரான் என்றே போட்டுக்கொள்ளும். தொண்ணூற்றைந்தைப் பிடிப்பதும் அதையே போட்டுக்கொள்ளும். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்னும் சோதனை முறைப்படி நூற்றுக்கு எத்தனை என்று வெளிப்படையாய்க் கூறும் தயாரிப்பாளரையே நம்பலாம். மிதமிஞ்சிய நுண்மையும் நன்றன்று. இத்தகைய பழைய எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்னும் கெட்டி எண்ணெய்தான் ஊற்றுவார்கள். குளிர்காலையில் அது பாகுபோல் இருக்கும். தாள் மிக நுண்ணியதாக இருந்து அதன் வழியே எண்ணெய் புக இயலாவிட்டால், பட்டினி போடாமல் காக்கும் புறவழி வால்வு திறந்துகொள்ளும். எண்ணெய் வடியாமலே பேரிங்குக்குப் போய்விடும். நுண்மை தேடிப் போய், வடிகட்டுவதையே இழந்ததாகும். அப்புறவழி வால்வு சில கார்களில் ஃபில்டருக்குள்ளும், சிலவற்றில் எஞ்சினிலும் இருக்கும். தம் காரில் எங்கே என்று கையேட்டைப் பார்த்துக்கொண்டு வாங்குவது முறை. கண்ணாடி இழையால் ஆன விலையுயர்ந்த வடிதாளும் உண்டு. ஆண்டுக்கு ஆயிரம் மைல் ஓடும் காருக்கு அது தேவையில்லை என்பது நம் கருத்து.

அரபியில் வடிகட்டியை மிஸ்ஃபாத் என்பார்கள். தெளிவு என்று பொருள்படும் ஸஃபா என்னும் வேரிலிருந்து வந்த சொல் அது. ஒலிவ எண்ணெயைக் குறித்த 'ஸைத்' என்னும் சொல்லே இன்று வளைகுடாப் பட்டறைகளில் எஞ்சின் ஆயிலுக்கும் வழங்குகிறது. இதை மருமகனிடம் கூறிக்கொண்டிருந்தபோது, "மாமா, பாடம் பிறகு, டப்பாவைப் பிடியுங்கள்" என்றான்.

தொங்கும் ஃபில்டராயின் எண்ணெய் ஊற்றி நிரப்பிய பின் பொருத்தலாம். கவிழ்ந்து நிற்பதை அவ்வாறு நிரப்ப இயலாது. ஆகவே ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று இறுக்கினோம். பிறகு காயிலுக்கு வரும் மெல்லிய கம்பியைக் கழற்றிவிட்டு, பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் மட்டும் எஞ்சினைச் சுற்றவிட்டோம். சுமையின்றிச் சுற்றும் அந்நேரத்தில் பம்ப் எண்ணெயை ஏற்றி டப்பாவை நிரப்பியது. முள் மெல்ல எழுந்தது. அதன்பின்னரே பிளக்குகளை மாட்டிக் கிளப்பினோம்.

மறுநாள் காலை புல்வெளியெங்கும் பனி. மருமகள் தேநீர்க் கோப்பையோடு வாயிலில் நின்றாள். சாவியைத் திருப்பி எஞ்சின் பற்றியதும், ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். மூன்று சொல்வதற்குள் முள் ஏறிவிட்டது. ஓசை எழவில்லை. விற்பதைப் பற்றி அவள் அதன்பின் பேசவில்லை. முன்பணத்தை வங்கியிலிருந்து எடுக்கக் கூடாது என்பதை மட்டும் மறுமுறையும் நினைவூட்டினாள்.

எந்த நிறுவனத்தின் ஃபில்டர் என்று பெயர் கூறலாகாதா என்று சிலர் கேட்பார்கள். கூறத் தயக்கம் உண்டு. ஒரே பெயர், ஒரே பெட்டி. உள்ளே இருப்பது ஆண்டுக்கு ஆண்டு வேறு தொழிற்சாலையின் சரக்காகலாம். வட்டை ஒவ்வொரு முறையும் பார்க்கத்தான் வேண்டும். கவலையே வேண்டாம் என்போருக்கு, ஃபில்டரைக் கீழ்நோக்கித் தொங்கவிடும் மாற்றுத் தலைப்பகுதியும் கடையில் கிடைக்கிறது. மருமகன் அதை விரும்பவில்லை. முதியவர் வைத்திருந்தபடியே கார் இருக்கட்டும் என்கிறான். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுகிறான். நின்று கிடக்கும் காரின் எண்ணெயில் ஈரமும் அமிலமும் சேரும் என்பதை அவனுக்கு நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டப்பாவின் மேல் தேதியையும் மைலையும் எழுதி வைக்கிறான். சென்ற மாதம் ஆறு ஃபில்டர்கள் மொத்தமாய் வரவழைத்தானாம். ஒவ்வொன்றின் துளை வழியாகவும் விளக்கடித்துப் பார்த்ததில், ஒன்றில் வட்டு கோணலாய் அமர்ந்திருந்ததென்றும், அதைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் செய்தி அனுப்பியிருந்தான்.