ரொட்டியும் உப்பும்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பங்குப் பணியாற்றியவன் நான். அக்காலமெல்லாம் என் வீட்டுக் கதவு பகலில் தாழிடப்பட்டதே இல்லை. திருமண ஓலை எழுத வருவோர், நோயாளியைச் சந்திக்க அழைப்போர், கணவன்மீது முறையிட வரும் மனைவியர், காரணம் ஒன்றுமின்றித் திண்ணையில் அமர்ந்துவிட்டுப் போகும் முதியவர்கள் என ஆள் அரவம் ஓய்ந்ததில்லை. சிறிது தனிமை கிடைக்காதா என்று ஏங்கியதும் உண்டு. இறைவன் அந்த ஏக்கத்தை நான் கேட்டதற்கு மேலாகவே நிறைவேற்றினார்.

ஆயரின் விருப்பப்படி, 2022ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பணியேற்றேன். எனக்கென வாடகைக்கு எடுக்கப்பட்ட வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. மாலையில் கதவைத் திறந்து விளக்கின் விசையைத் தட்டினேன்; ஒளி வரவில்லை. அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து மின்கம்பிகள் மட்டுமே தொங்கின. வீட்டைக் காலி செய்வோர் தம் விளக்குகளைக் கழற்றிச் செல்வது அந்நாட்டு வழக்கம். சமையலறையிலும் அடுப்பில்லை, அலமாரியில்லை, பாத்திரம் கழுவும் தொட்டியுமில்லை. திருப்பலிப் பெட்டியிலிருந்த மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, பயணப் பெட்டியின் மீது அமர்ந்து, விமானத்தில் கொடுத்த ரொட்டியைத் தின்று படுத்தேன்.

அடுத்த நாள் என் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, வீடு வசதியாக இருக்கிறதா?" என்று கேட்டாள். "எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா" என்று கூறி உடனே வைத்துவிட்டேன். வைத்த கையோடு, ஒரு பழைய நினைவு என்னைச் சுட்டது.

நான் முன்பு பணியாற்றிய பங்கில் கைம்பெண் ஒருவர் இருந்தார். ஒரே மகன் வளைகுடா நாட்டில் வேலை செய்தான். "பணம் அனுப்புகிறான் சாமி, ஆனால் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறான்" என்று அந்தத் தாய் அழுதார். நான் தீர விசாரிக்கவில்லை. "பணத்தைக் கண்டதும் பெற்றவளை மறந்தாயோ?" என்று அவனுக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதினேன். கடமையைச் செய்துவிட்டதாக மகிழ்ந்தும் இருந்தேன். அவனிடமிருந்து பதில் வரவில்லை.

புது வீட்டின் பாடங்கள் தொடர்ந்தன. குடிபுகுந்த இரு வாரத்திற்குள், வீட்டு உரிமையாளரின் சான்றுடன் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே கதவிலக்கம் பார்த்துக் கடிதம் தருவதில்லை. அழைப்பு மணியிலும் அஞ்சற் பெட்டியிலும் ஒட்டிய பெயரே முகவரி. என் பெயரை ஒட்ட நான் தாமதித்ததால், எனக்கு வந்த கடிதமொன்று திரும்பிப் போயிற்று. ஊரே அறிந்த பங்குத்தந்தை, அங்கே பெயரற்றவனானேன். டிசம்பரில் மாலை 4.30 மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். பிறகு யாரும் கதவைத் தட்டுவதில்லை.

ஒரு ஞாயிறு, பிற்பகலில் பாடுபட்ட சுரூபத்தை மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அறைந்துகொண்டிருந்தேன். மணி ஒலித்தது. கீழ்வீட்டு மூதாட்டி நின்றார். "குருவானவரே, இன்று ஞாயிறு அல்லவா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓசை எழுப்பும் வேலை கூடாது என்பது அங்குள்ள கட்டுப்பாடு. ஓய்வுநாளைப் பற்றி எத்தனை மறையுரை ஆற்றியிருப்பேன்! தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டேன். அவரது பார்வை என்னைத் தாண்டி உள்ளே சென்றது. நாற்காலியில்லாத கூடத்தையும், தரையில் விரித்த படுக்கையையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் மாலை மீண்டும் மணி ஒலித்தது. அவர் கையில் ஒரு முழு ரொட்டியும் சிறு கிண்ணத்தில் உப்பும் இருந்தன. புதுமனை புகுவோருக்கு இவற்றைக் கொடுப்பது தம் முன்னோர் வழக்கம் என்றார். அந்த வீட்டில் உணவு குறையாதிருக்க வேண்டும் என்பது அதன் பொருளாம். பின்னால் அவருடைய பேரன் பழைய மேசைவிளக்கு ஒன்றைத் தூக்கி வந்தான். அன்றிரவு அவ்விளக்கொளியில் நான் செய்த முதல் வேலை, அந்த இளைஞனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியதுதான்.

இம்முறை பதில் வந்தது. "சாமி, ஓர் அறையில் எட்டுப் பேர் இருக்கிறோம். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு எனக்கு. அதிகம் பேசினால் அழுதுவிடுவேன், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் சுருக்கமாக வைத்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தான். நான் என் தங்கையிடம் செய்ததையே அவன் தன் தாயிடம் ஆண்டுக்கணக்கில் செய்திருக்கிறான். அன்பில்லாததால் வந்த மௌனம் என நான் தீர்ப்பிட்டது, அன்பு மிகுந்ததால் வந்த மௌனம்.

அன்பார்ந்த பெற்றோரே, அயல்நாட்டிலிருந்து உங்கள் பிள்ளை "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று கூறித் தொலைபேசியை வைக்கும்போது உடனே மனம் நோகாதீர்கள். எப்போது பணம் வரும், எப்போது விடுமுறை என்று கேட்பதற்கு முன், "உன் அறையில் விளக்கு எரிகிறதா, தம்பி? இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். உங்கள் தெருவுக்கு வேற்றூரார் எவரேனும் புதிதாகக் குடிவந்தால், ஒரு செம்பு தண்ணீரோடாவது அவர் கதவைத் தட்டுங்கள். பெயர் தெரியாத அந்த வீட்டுக்குள் தரையில் விரித்த படுக்கை ஒன்று இருக்கக்கூடும்.