இரண்டாவது செட் யாருக்கு?

அன்புள்ள தம்பிக்கு,

 

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உன் வாலிபால் டீமின் பன்னிரண்டு பிள்ளைகளில் ஆறு பேரைத்தான் இறக்க முடியும். நன்றாக ஆடுகிறவர்களையே இறக்கினால் மற்ற வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், எல்லாரையும் இறக்கினால் தோற்கிறோம் என்றாய்.

பதினேழு வயதுப் பையனை மாவட்ட அணிக்கு எடுக்கும்போது தயவுதாட்சண்யம் பார்க்காதே. ஆனால் உன்னிடம் இருப்பதெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அந்த வயதில் நாம் திறமை என்று நினைப்பது பெரும்பாலும் உயரம்தான். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு வயதுக் கணக்கு ஜனவரி 1. அங்கே பெரிய அணிகளில் ஆடுகிறவர்களின் பிறந்த மாதத்தை 1980களில் எடுத்துப் பார்த்தபோது, வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். உடம்பு வளர்ந்தவனுக்கு இடம், இடம் கிடைத்தவனுக்குப் பயிற்சி, கடைசியில் அவனே திறமைசாலி. பெஞ்சில் உட்கார்ந்தவன், வளர்வதற்குள் ஆட்டத்தையே விட்டுவிட்டான்.

நார்வேயில் 1987-லேயே இதற்கெல்லாம் விதி எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பதினோரு வயதுக்கு முன் புள்ளிப்பட்டியல் கிடையாது, தேசியப் போட்டி பதின்மூன்றிலிருந்துதான். பிள்ளைகள் மெத்தனமாகிவிடாதா என்பாய். 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு அவர்கள்தான் முதலிடம். பனி நாட்டுக்காரன் பனியில் ஜெயிப்பது என்ன அதிசயம் என்று கேட்காதே. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் பீச் வாலிபால் தங்கமும் நார்வேயின் மோல், சோரும் ஜோடிக்குத்தான். விதியால்தான் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். அது அவர்களைக் கெடுக்கவில்லை, எனக்கு அது போதும்.

அதற்காக எல்லாருக்கும் ஒரு கோப்பை கொடுத்து அனுப்புவதும் எனக்குப் பிடிக்காது. நாம் ஸ்கோர் எழுதாவிட்டாலும் பிள்ளைகள் வாய்க்குள் எண்ணிக்கொண்டுதான் இருப்பார்கள்.

மூன்று செட் ஆட்டமாக வை. முதல் செட்டில் ஆறு பேர், இரண்டாவதில் மற்ற ஆறு பேர் கட்டாயம். ஒன்றுக்கு ஒன்று ஆனால் மூன்றாவதில் யாரை வேண்டுமானாலும் இறக்கு. கெட்டிக்காரர்களை ஒரே பக்கம் குவிக்காதே, செட்டுக்கு ஒரு செட்டர் என்று பிரித்துப் போடு. அப்புறம் பார், முதல் செட் ஜெயித்த பையன் தானாகவே போய் மற்றவனுக்கு சர்வீஸ் சொல்லிக்கொடுப்பான். பாசத்தால் இல்லை, இரண்டாவது செட்டில் தோற்றுவிடுவோமே என்ற பயத்தால்! வாலிபாலில் இடம் மாறிச் சுற்றிவரும் ரொட்டேஷன் இருப்பதால் இறங்கினவன் ஓரமாக ஒளியவும் முடியாது. சர்வீஸ் எட்டாத பிள்ளையைக் கோட்டுக்கு உள்ளே நின்று போடவிடு.

இதை நீ மட்டும் செய்தால் தோற்பாய். பக்கத்து ஊர் டீம்களிடமும் பேசி, எல்லாருக்கும் பொது விதியாக்கு. பிள்ளையைச் சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடு, மேட்ச் நடுவில் பஞ்சாயத்து வேண்டாம். நெட் இன்னும் பெரியவர்களுடைய 2.43 மீட்டரில்தான் இருக்கிறதென்றால் முதல் வேலையாக அதை இறக்கிக் கட்டு.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் இரண்டு டீமையாவது சம்மதிக்க வை, கோப்பைச் செலவு என்னுடையது.

அன்புடன்,
அக்கா