கொல்லிமலையில் மார்கழிக் குளிர்

காரவள்ளி அடிவாரத்தில் யாரும் ஸ்வெட்டரைத் தேடுவதில்லை. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் தாண்டியதும் பேருந்தின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடப்படும். சோளக்காட்டில் இறங்குகிறவரின் கால் நேராக டீக்கடைக்குத்தான் போகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும் என்று பாடப் புத்தகத்தில் படித்ததை, நாமக்கல் பக்கத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் உடம்பாலேயே அறிந்துகொள்ளும் பாதை இது.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு ஒரு கேள்வி நிச்சயம் காத்திருக்கும்: காஷ்மீர் மாதிரி இங்கேயும் பனி கொட்டுமா?

கொட்டாது. கொல்லிமலையின் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர்தான். ஆனால் உயரம் மட்டுமே காரணமில்லை. 2,240 மீட்டரில் இருக்கும் உதகையும் சிம்லாவும் ஏறத்தாழ ஒரே உயரம். சிம்லாவில் கூரைகள் வெள்ளையாகின்றன, உதகையில் ஆவதில்லை. சிம்லா வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. கடுங்குளிர் நாட்களிலேயே மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேகங்களும் அங்கே வந்து சேர்கின்றன. குளிரும் ஈரமும் ஒரே நேரத்தில் கூடினால்தான் பனி பொழியும்.

நம் மலைகளில் அந்த இரண்டும் சந்திப்பதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போது ஈரம் நிறைய உண்டு. ஆனால் மேகம் மூடிய இரவுகளில் தரையின் சூடு வெளியேறாது. மார்கழி, தையில் வானம் தெளிந்து குளிர் இறங்கும்போது பொழிவதற்கு மேகம் இல்லை. அதனால்தான் உதகையில் வானத்திலிருந்து விழாமல், தலைகுந்தா, காந்தல் புல்வெளிகளில் தரையிலேயே உறைபனி படிகிறது. அழகுதான், ஆனால் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் காப்பாற்றக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைக்கிறார்கள்.

கொல்லிமலைக்குக் கிடைப்பது மூடுபனி. மழையில் ஊறிய மண், நீண்ட இரவு, அசையாத காற்று. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. செம்மேட்டைச் சுற்றிய வயல்கள் முதலில் மறையும். மேட்டில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் ஏறிய மிளகுக்கொடிகளும் கடைசியில். சீக்குப்பாறைக் காட்சிமுனைக்கு விடிந்ததும் ஓடுவதைவிட வெயில் ஏறியபின் போவது நல்லது.

பயணிகள் படம் எடுத்துக் கொண்டாடும் இந்தப் பனி, இங்குள்ள மலையாளிப் பழங்குடி விவசாயிக்குக் கவலை. இதுவே காபிப் பழம் பறிக்கும் காலம். களத்தில் பரப்பிய பழம் இரவு ஈரத்தில் நனைந்தால் பூசணம் பிடிக்கும், விலை போகாது. எனவே பொழுது சாய்வதற்குள் குவித்துத் தார்ப்பாய் போட்டு, ஓரங்களில் கல் வைக்கிறார்கள். மறுநாள் தரை காய்ந்த பிறகுதான் மறுபடி பரப்புவார்கள். காய்ந்த காபியைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே கொட்டை ஆடும் சத்தம் கேட்க வேண்டும். அதுவரை தார்ப்பாய்க்கு ஓய்வில்லை.