கொக்கி எங்கே?

ஐப்பசி மழை விட்டு நாலு நாள் வெயில். கொடும்பாளூர்க் குளத்தின் உள்வாய் மேலுக்குக் காய்ந்து வெடித்திருக்கிறது, அடியில் களி. ஆட்டைத் தாங்கும், ஜீப்பைத் தாங்காது.

மூவர் கோயில் பார்க்க வந்த பையன்கள்தான் இறக்கியவர்கள். பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூன்று விமானங்களில் இரண்டுதான் நிற்கின்றன, ஒன்றுக்கு அடித்தளம் மட்டும். பார்க்க அதிக நேரம் ஆகாது. மீதி நேரத்துக்குக் குளம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, நாலும் சேர்ந்தே புதைந்திருந்தன. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வழி மூன்றாகப் பிரிவது கொடும்பைக் குளக்கரையில்தான். கோவலன் நடந்து போனதால் பிழைத்தான்.

டிராக்டர் வந்தது. ஓட்டி வந்தவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“பம்பர்ல மாட்டிருங்கண்ணே.”

“பம்பர் மட்டும் என்கூட வந்துரும் தம்பி.”

ஒருவன் பம்பரில் இருந்த சின்ன மூடியைக் கழற்றி, டூல்ஸ் பையிலிருந்த வளையத்தைத் திருகினான். அவர் தலையை ஆட்டினார். நின்றுபோன வண்டியைத் தார்ரோட்டில் மெதுவாக இழுத்துப்போக அது போதும். கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தாலே வளைந்துவிடும். அடியில் இருந்த நீள்வட்டத் துளையைக் காட்டினான் இன்னொருவன். லாரியில் ஏற்றும்போது கட்டிவைக்கிற துளை அது. பின்னால் டிரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டை பளபளத்தது. அதன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த உருண்டை முறிந்து பறந்து ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். உருளும் டிரெய்லரின் பாரம் வேறு, களியில் கவ்விய வண்டியின் பாரம் வேறு. சக்கரம் பாதி இறங்கிவிட்டாலே வண்டியின் எடை அளவுக்கு இழுவிசை வேண்டியிருக்கும்.

பிறகு அவர் மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். கால் மட்டும் வெளியே. சேற்றை வழித்துப் போடும் சத்தம். சேசிஸின் பின்முனையில் இரண்டு பக்கமும் கனத்த கொக்கிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு போல்ட். வெல்டிங் அல்ல என்பதில் அவருக்குத் திருப்தி. துரு இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா என்று கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார்.

“ரெண்டுலயும் மாட்டு. ஒண்ணுலயே எல்லாப் பாரமும் விழக் கூடாது.”

பையன்களிடம் ஷேக்கில் இருந்தது, 4.75 டன் என்று பொறித்தது. நல்ல சாமான்தான். இத்தனை காசு போட்டு வாங்கியவர்கள் அதை எங்கே மாட்டுவதென்று வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

தன் டிராக்டரிலும் அவர் அதே கவனம். கயிற்றைத் தாழ்வான டிராபாரில்தான் பூட்டினார். மேலே டாப்லிங்கில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுகிறவன் மேலேயே மல்லாந்துவிடும். மண்வெட்டியால் சக்கரங்களுக்குப் பின்னால் களியை வெட்டச் சொன்னார். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கைப் போட்டார். அறுந்தால் துள்ளுகிற வேகத்தை அது கொஞ்சம் அடக்கும். வேடிக்கை பார்த்த பொடியன்களை இரண்டு கயிற்று நீளத்துக்கு அப்பால் விரட்டினார்.

வெடுக்கென்று இழுக்கவில்லை. கயிறு விறைக்கும்வரை ஊர்ந்து, முதல் கியரில் நேர்கோட்டில் ஒரே சீராக இழுத்தார். களி உறிஞ்சும் சத்தத்தோடு வண்டி வந்த தடத்திலேயே பின்னுக்கு ஏறியது. காசை வாங்கி மடியில் செருகும் முன், மறுபடி குனிந்து அந்த நாலு போல்ட்டையும் தொட்டுப் பார்த்தார்.

காடுமேடு ஏற வண்டி வாங்கப்போகிறவர்கள் ஷோரூமில் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்: கொக்கி சேசிஸில் நிற்கிறதா, பம்பரில் தொங்குகிறதா என்று.